பழியும் புகழும் சுமந்த பாவ்லோ ரோசி

காற்பந்து ஆட்டக்காரர் ஒருவரை அவர் நாட்டு மக்கள் எல்லாரும் ஒரே விதமாக நினைவில் வைத்திருப்பது அரிது. கோல் அடித்த நாளில் தோளில் தூக்கியவர்களே, அடிக்கத் தவறிய நாளில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவர். ஆயினும் இத்தாலியின் பாவ்லோ ரோசிக்கு நேர்ந்தது இந்த வழக்கமான ஏற்ற இறக்கம் அன்று. வீச்சென்சா நகரத்தார் அவரைத் தம் வீட்டுப் பிள்ளை என்பர். பெருஜியாவில் அவர் பெயரைச் சொன்னால் ஒரு வழக்கு நினைவுக்கு வரும். மிலான் இரசிகர்கள் கேட்டால் உதட்டைப் பிதுக்குவர். பிரேசிலில் 1982ஆம் ஆண்டு சிறுவராய் இருந்தவர்களுக்கோ அது ஒரு துக்க நாளின் பெயர். ஒரே மனிதரைப் பற்றிய நினைவு இவ்வாறு பல கிளைகளாய்ப் பிரிந்தது ஏன் என்பது, அவருடைய வாழ்வை அடியிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

ரோசி 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், தஸ்கனிப் பகுதியில் நெசவாலைகளுக்குப் பேர்போன பிராத்தோ நகரில் பிறந்தார். இளமையிலேயே துரின் நகரத்தின் பெருங்குழுவான யுவெந்துஸ் அவரைத் தெரிந்தெடுத்துக்கொண்டது. ஆனால் மெலிந்த உடல். முழங்கால்களில் பலமுறை அறுவைச் சிகிச்சை. 1975ஆம் ஆண்டு அவரைக் கோமோ குழுவுக்கு இரவலாக அனுப்பினார்கள். அங்கே ஆறு ஆட்டங்களில் வலப்பக்க ஓரத்தில் ஓடினார். கோல் ஒன்றுகூட இல்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது. இருபது வயதுக்குள் முழங்கால் கெட்டுப்போன ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களை எந்த வரலாறும் எழுதி வைப்பதில்லை.

1976இல் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த வீச்சென்சாவுக்கு வந்து சேர்ந்தார் ரோசி. அக்குழுவின் முழுப்பெயர் லானெரோசி வீச்சென்சா என்பதாகும். லானெரோசி என்பது அவ்வட்டாரத்துக் கம்பளி ஆலையின் பெயர். ‘ரோசியின் கம்பளி’ என்று அதற்குப் பொருள். ஆலையை நிறுவிய குடும்பத்திற்கும் இந்த இளைஞருக்கும் எந்த உறவும் இல்லை. எனினும் குழுவின் சட்டையில் பொறித்திருந்த ‘ஆர்’ என்னும் எழுத்து அவருக்காகவே பொறித்தது போலாயிற்று. பயிற்றுநர் ஜோவான் பத்திஸ்தா ஃபாப்ரி, ஓரத்தில் ஓடிய இளைஞரை நடுவே கொண்டுவந்து தலைமைத் தாக்குதல் ஆட்டக்காரர் ஆக்கினார். உயரமோ உடல்வலிமையோ இல்லாத ஒருவரைத் தடியர்களான தற்காப்பு ஆட்டக்காரர்களின் நடுவில் நிறுத்துவது மடமை என்றே பலரும் எண்ணியிருப்பர். ஃபாப்ரி கண்டது வேறு. பந்து எங்கே வந்து விழும் என்பதைப் பிறர் அறியும் முன் இவர் அறிந்தார். அரைநொடி முந்திச் சென்று நின்றார். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டவில்லை. பெரும்பாலும் ஒரே தொடுதலில் வேலையை முடித்தார். காவலில் நின்றவன் திரும்பிப் பார்க்கையில் பந்து வலைக்குள் கிடக்கும்.

முதலாண்டில் 21 கோல்கள். வீச்சென்சா முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1977-78இல் முதற்பிரிவில் 24 கோல்கள். நாட்டிலேயே மிகுதியான கோல் அடித்தவர் அவரே. இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த சிறு நகரத்துக் குழு, யுவெந்துசுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் பெற்றது. ‘ரியல் வீச்சென்சா’ என்று செய்தித்தாள்கள் செல்லப் பெயரிட்டன. அந்த ஓராண்டை வைத்தே வீச்சென்சா மக்கள் அவரை நேசிக்கின்றனர். அதன்பின் வந்த எதுவும் அந்த நேசத்தைக் கரைக்கவில்லை.

ஆனால் அந்த நேசத்தின் அடியிலும் ஒரு கசப்பு உண்டு. அன்றைய இத்தாலியில் ஓர் ஆட்டக்காரரை இரண்டு குழுக்கள் பாதிப் பாதியாக உடைமை கொண்டிருக்கலாம். இருவரும் உடன்பாட்டுக்கு வராவிட்டால், இரு தரப்பும் தத்தம் விலையை எழுதி முத்திரையிட்ட உறைகளில் ஒப்படைக்க வேண்டும். கூடுதலாக எழுதியவருக்கே ஆட்டக்காரர். ரோசி அப்போது யுவெந்துசுக்கும் வீச்சென்சாவுக்கும் பொதுவாக இருந்தார். 1978ஆம் ஆண்டு உறைகளைப் பிரித்தபோது யுவெந்துஸ் எழுதியிருந்தது 87 கோடியே 50 இலட்சம் லீரா. வீச்சென்சாவின் தலைவர் ஜூஸ்ஸி ஃபரீனா எழுதியிருந்ததோ 261 கோடி லீராவுக்கும் மேல்! அதுவும் பாதி உரிமைக்கு. விலைவாசி ஏறி, வன்முறை மலிந்து, முன்னாள் தலைமை அமைச்சர் ஆல்தோ மோரோ கடத்திக் கொல்லப்பட்ட ஆண்டு அது. நாடு இப்படி இருக்கையில் பந்து உதைக்கும் இளைஞன் ஒருவனுக்கு இவ்வளவு பணமா என்ற கூச்சல் எழுந்தது. காற்பந்துச் சங்கத்தின் தலைவர் ஃபிராங்கோ கர்ராரோ தம் பதவியையே துறந்தார். விலையை எழுதியவர் ஃபரீனா. விலைச்சீட்டைக் கழுத்தில் சுமந்தவர் ரோசி. 21 வயது இளைஞர் ஒருவர் அந்நாளில் எத்தனை பேருடைய எரிச்சலுக்கு இலக்கானார் என்பது பிற்காலத்தில் மறந்துபோயிற்று.

அவ்வாண்டே அர்ஜெந்தினாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் ரோசி மூன்று கோல் அடித்தார். இத்தாலி நான்காம் இடம் பெற்றது. ‘பாப்லித்தோ’ என்ற செல்லப்பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1978-79இல் அவர் 15 கோல் அடித்தும் வீச்சென்சா இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. முந்தைய ஆண்டு இரண்டாம் இடத்தில் நின்ற குழு! மீண்டும் முதற்பிரிவைக் காண அந்நகரம் 1995ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஃபரீனா எழுதிய அந்தத் தொகையே குழுவின் முதுகை முறித்தது என்று சொல்லும் இரசிகர்கள் உண்டு. அச்சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவர்கள் பழிப்பது ஃபரீனாவைத்தான்.

அடுத்து பெருஜியா. 1978-79ஆம் பருவம் முழுவதும் 30 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் இரண்டாம் இடம் பெற்ற குழு அது. ரோசியும் சேர்ந்துவிட்டால் முதலிடம் உறுதி என்று நம்பினர். ஏழைக் குழு ஆதலால், பாஸ்தா செய்யும் நிறுவனம் ஒன்றின் பணத்தைப் பெற்று அதன் பெயரைச் சட்டையில் ஏந்திக்கொண்டு, அவரை இரவலாக வாங்கினர். அவர் 13 கோல்கள் அடித்தார். ஆயினும் அந்தப் பருவத்தை இன்று எவரும் கோல்களால் நினைப்பதில்லை.

இத்தாலியில் அரசு இசைவு பெற்ற காற்பந்துச் சூதாட்டம் ஒன்று நெடுங்காலமாக உண்டு. அந்நாளில் வாரந்தோறும் 13 ஆட்டங்களின் முடிவுகளைச் சீட்டில் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் நிழலில் வளர்ந்ததே ‘தோத்தோநேரோ’ எனப்பட்ட கள்ளச் சூதாட்டம். இதில் ஒரே ஆட்டத்தின் மீது எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம். ரோமாபுரியில் உணவகம் நடத்திய ஒருவரும் காய்கனி மொத்த வணிகர் ஒருவரும் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்து முடிவுகளை முன்கூட்டியே வாங்க முயன்றனர். வாங்கிய முடிவுகள் வாக்களித்தபடி வரவில்லை. கடனில் மூழ்கிய அவ்விருவரும் 1980 மார்ச் மாதம் அரசு வழக்குரைஞரிடம் சென்று அனைத்தையும் சொல்லிவிட்டனர். திருடன் வீட்டில் திருடன் புகுந்தால் முறையிடுவதற்கு இடம் ஏது? இவர்களோ முறையிட்டார்கள். மார்ச் 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டங்கள் முடிந்த வேளையில் காவல்துறை வண்டிகள் விளையாட்டரங்குகளுக்குள்ளேயே நுழைந்தன. புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அங்கேயே கைது செய்யப்பட்டனர். முந்தைய ஆண்டின் வெற்றிக் குழுவான மிலானும், ரோமாபுரியின் லாத்சியோவும் தண்டனையாக இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. 1994, 1995ஆம் ஆண்டுகளில் மலேசிய லீக்கைச் சூதாட்டப் புயல் உலுக்கியதைக் கண்ட மலேசிய, சிங்கப்பூர் இரசிகர்களுக்கு, அன்று இத்தாலிய இரசிகர்கள் அடைந்த மனவேதனையை விளக்கத் தேவையில்லை. நேற்றுவரை தொண்டை வறளக் கத்தியதெல்லாம் நாடகத்திற்கா என்ற ஐயம் ஒருமுறை புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறுவதில்லை.

ரோசியின்மீது சாட்டப்பட்ட குற்றம், 1979 டிசம்பர் 30இல் அவெல்லினோவுக்கும் பெருஜியாவுக்கும் நடந்த ஆட்டத்தைப் பற்றியது. அது 2-2 என்ற சமநிலையில் முடிந்தது. பெருஜியாவின் இரண்டு கோல்களையும் அடித்தவர் ரோசி. ஆட்டத்திற்கு முன்னர், குழு தங்கியிருந்த விடுதியில் சூதாடிகளில் ஒருவர் அவரைச் சந்தித்துப் பேசினார் என்பதும், சமநிலைக்கு அவர் இசைந்தார் என்பதும் குற்றச்சாட்டு. சக ஆட்டக்காரர் ஒருவர் அறிமுகப்படுத்திய அந்நபரோடு ஓரிரு நிமிடம் பேசியதை ரோசி மறுக்கவில்லை. இசைந்ததை மட்டும் சாகும்வரை மறுத்தார். காற்பந்துச் சங்கத்தின் விசாரணை மன்றம் அவருக்கு மூன்றாண்டுத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது இரண்டாண்டாகக் குறைந்தது.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1980 டிசம்பரில் குற்றவியல் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஆட்டக்காரர் அனைவரையும் விடுவித்தது. ரோசி குற்றமற்றவர் என்று நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டதாக அவர் அன்பர்கள் சொல்வது இதைக் கொண்டுதான். ஆனால் விடுதலைக்குக் காரணம் வேறு. விளையாட்டில் மோசடி செய்வது அன்றைய இத்தாலியச் சட்டப்படி ஒரு குற்றமாகவே இல்லை. அதைக் குற்றமாக்கிய சட்டம் 1989இல்தான் வந்தது. எனவே அந்த விடுதலை, அவர் இசைந்தாரா இல்லையா என்பதைத் தொடவே இல்லை. மறுபுறம், சங்கத்தின் தண்டனையும் பெரும்பாலும் சூதாடிகளின் வாய்மொழியை நம்பி எழுந்தது. தாம் கெட்ட பின் பிறரைக் காட்டிக்கொடுக்க வந்தவர்களின் சொல் அது. அவர் குற்றவாளி என்று முழங்குவோரும், குற்றமற்றவர் என்று சத்தியம் செய்வோரும், சான்றுகள் இட்டுச் செல்லும் தொலைவுக்கு அப்பால் தம் விருப்பத்தை ஓட்டிச் செல்கின்றனர் என்பதே சரி. பெருஜியா இரசிகர்களின் நிலை இவ்விரண்டிலும் கொடியது. அவர் குற்றம் செய்திருந்தால் அவர்களை ஏமாற்றினார். செய்யாதிருந்தால் அவரை அநியாயமாக இழந்தனர். குழுவுக்கும் ஐந்து புள்ளிகள் பறிக்கப்பட்டன. 1981இல் அது முதற்பிரிவிலிருந்து வீழ்ந்தது. கிட்டாத அந்த வெற்றிப் பட்டத்தைப் பற்றி அங்கே பேசுவோர் ரோசியின் பெயரைச் சற்றுத் தயங்கியே சொல்வர்.

தடைக்காலத்தில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி இத்தாலியிலேயே நடந்தது. 1980 ஜூனில் நடந்த அப்போட்டியில் இத்தாலி தன் மூன்று பிரிவு ஆட்டங்களில் அடித்தது ஒரே ஒரு கோல். அவரைத் தூற்றிய வாய்களே அவர் இல்லாத குறையையும் சொல்லத் தொடங்கின. 1981இல் யுவெந்துஸ் அவரைத் திரும்ப வாங்கியது. ஆட இயலாதவரை விலைகொடுத்து வாங்கி, பயிற்சித் திடலில் ஓடவிட்டது. 1982 மே 2இல் உதினேசேவுக்கு எதிராக அவர் மீண்டும் களம் இறங்கினார்; ஒரு கோலும் அடித்தார். அப்பருவத்தில் அவர் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். மூன்று ஆட்டங்கள் ஆடிய அவரைத்தான் தேசியக் குழுவின் பயிற்றுநர் என்சோ பேர்சோட் ஸ்பெயின் நாட்டு உலகக் கிண்ணப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிலேயே மிகுதியாகக் கோல் அடித்த ரோமா குழுவின் ரொபெர்த்தோ புருத்சோவுக்கு இடமில்லை. ரோமா இரசிகர்கள் கொதித்தனர். அது நியாயமான கொதிப்பே. பின்னால் நேர்ந்த வெற்றி பேர்சோட்டின் முடிவை அறிவுடைமையாகக் காட்டுகிறதேயன்றி, அன்று கையில் இருந்த கணக்கு அவர் பக்கம் இல்லை.

வீகோ நகரில் நடந்த முதற்சுற்றைப் பார்த்தவர்கள் பேர்சோட்டைப் பைத்தியக்காரர் என்றே முடிவு கட்டினர். போலந்துடன் 0-0, பெருவுடன் 1-1, கேமரூனுடன் 1-1. கேமரூனைவிட ஒரு கோல் கூடுதலாக அடித்திருந்த ஒரே காரணத்தால் இத்தாலி அடுத்த சுற்றுக்குத் தேறியது. ரோசி பேய் பிடித்தவர்போல் திடலில் திரிந்தார்; பெரு ஆட்டத்தில் இடைவேளையோடு அவரை வெளியே எடுத்தார்கள். செய்தியாளர்கள் அவரை ஏளனம் செய்தனர். ஆட்டக்காரர்களின் சொந்த வாழ்வைப் பற்றியும் அவதூறு கிளம்பியது. மனம் வெறுத்த குழு, செய்தியாளரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தது. இயல்பிலேயே அதிகம் பேசாதவரான கோல்காவலர் தீனோ சோஃப் மட்டுமே குழுவின் சார்பில் பேசினார்! அடுத்து, அர்ஜெந்தினாவை 2-1 என வென்றபோதும் ரோசிக்குக் கோல் இல்லை. நான்கு ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை. பேர்சோட் அவரை மாற்றவில்லை.

ஜூலை 5. பார்சலோனாவின் சாரியா அரங்கம். எதிரே சீக்கோ, சோக்ரத்தீஸ், ஃபல்காவோ ஆகியோர் ஆடிய பிரேசில். அவர்களுக்குச் சமநிலையே போதும். இத்தாலிக்கு வெற்றி வேண்டும். ஐந்தாம் நிமிடத்தில் கப்ரீனி அனுப்பிய பந்தை ரோசி தலையால் முட்டிக் கோலாக்கினார். சோக்ரத்தீஸ் சமன் செய்தார். 25ஆம் நிமிடத்தில் பிரேசிலின் செரேசோ தம் தற்காப்பின் குறுக்கே கவனமின்றிப் பந்தைத் தட்டிவிட, எங்கிருந்தோ பாய்ந்த ரோசி அதைப் பறித்துக்கொண்டு உதைத்தார். 68ஆம் நிமிடத்தில் ஃபல்காவோ மீண்டும் சமன் செய்தார். அந்நிலையிலேனும் பிரேசில் பின்வாங்கிக் காத்திருக்கலாம். தெலே சந்தானாவின் குழு அப்படி ஆடப் பழகியதன்று. 74ஆம் நிமிடத்தில் ஒரு மூலை உதை. சரியாக விலக்கப்படாத பந்தைத் தார்தெல்லி கோலை நோக்கி உதைக்க, இடையில் நின்ற ரோசி அதன் போக்கைத் திருப்பிவிட்டார். 3-2. கடைசி நிமிடங்களில் ஆஸ்கர் முட்டிய பந்தை, 40 வயது சோஃப் கோட்டின்மேல் அமுக்கிப் பிடித்தார்.

மூன்று நாள் கழித்து அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு கோல்கள், இரண்டும் ரோசியுடையவை. ஜூலை 11இல் மத்ரித் நகரில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முதற்கோலும் அவருடையதே. 3-1 என வென்று இத்தாலி கிண்ணத்தைப் பெற்றது. முதிய குடியரசுத் தலைவர் சந்ரோ பெர்த்தீனி அரங்கத்தில் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார். ஆறு கோல்களோடு போட்டியின் தலைசிறந்த கோல் வீரர், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர், அவ்வாண்டின் ஐரோப்பியத் தங்கப்பந்து விருது என எல்லாம் அவருக்கே வந்தன. பத்து நாளுக்கு முன் அவரை எள்ளிய தாள்கள் இப்போது துதி பாடின. தடையைப் பற்றியும், விடுதியில் நடந்த பேச்சைப் பற்றியும் கேட்பார் இல்லை. இத்தாலியரிற் பலருடைய மனத்தில் அந்த வழக்கு ஆறு கோல்களால் முடித்துவைக்கப்பட்டது. சான்றுகளால் முடியாததைக் கோல்கள் முடித்தன. இது நீதியா என்று அந்த இரவில் தெருவில் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டிருக்க முடியாது.

பிரேசிலில் நிலை வேறு. கிண்ணத்தை வெல்லாத போதும் தம் நாட்டின் மிக அழகிய குழுக்களுள் ஒன்றாக 1982ஆம் ஆண்டுக் குழுவை அந்நாட்டார் போற்றுகின்றனர். தோல்விக்குப் பின் அந்நாட்டுக் காற்பந்து அழகை விட்டுப் பாதுகாப்பை நாடத் தொடங்கியது என்பார் உண்டு. அப்படியானால் சாரியாவில் வீழ்ந்தது ஒரு குழு மட்டும் அன்று என்றாகிறது. ரோசி பிற்காலத்தில் பிரேசில் சென்றபோது, வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, வண்டியை நிறுத்தி இறங்கச் சொன்னாராம். மூத்த ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம் ஒன்றில் பார்வையாளர்கள் அவர்மீது கடலையும் பழத்தோலும் வீசினார்களாம். இவற்றை ரோசியே சிரித்துக்கொண்டு சொல்வார். பிரேசிலை அழவைத்தவன் நான் என்னும் பொருளில் தம் தன்வரலாற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர். அந்தச் சிரிப்பில் பெருமிதம் இருந்தது, பகைமை இல்லை. வீசியவர்களிடத்திலும், தம்மை வென்றவனை மறக்காத மரியாதை ஒன்று ஒளிந்திருந்தது எனலாம்.

அதன்பின் இறங்குமுகம். யுவெந்துசுடன் லீக் பட்டமும், 1984இல் கிண்ண வெற்றியாளர் கிண்ணமும், 1985இல் ஐரோப்பியக் கிண்ணமும் கிடைத்தன. ஆனால் அந்த இறுதி நடந்த பிரசல்ஸ் நகர ஹேசல் அரங்கில் ஆட்டம் தொடங்கும் முன்பே 39 பேர் நெரிசலில் மாண்டனர். அந்தக் கிண்ணத்தை நினைத்து மகிழ யாருக்கு மனம் வரும்? துரின் இரசிகர்கள் ஸ்பெயினில் கண்ட ரோசியை ஒவ்வொரு ஞாயிறும் எதிர்பார்த்தனர். பெரும்பாலான ஞாயிறுகளில் அவர் வரவில்லை. முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. 1985இல் மிலானுக்குச் சென்றார். அங்கே அப்போது தலைவராய் இருந்தவர் அதே ஃபரீனா. லீக்கில் அவர் அடித்தவை இரண்டே கோல்கள். இரண்டும் நகரத்து எதிரியான இன்டருக்கு எதிராக ஒரே நாளில் அடித்தவை. மிலான் இரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினாலும் அந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. 1986 உலகக் கிண்ணத்திற்கு மெக்சிகோ சென்றும் ஒரு நிமிடமும் ஆடவில்லை. வெரோனாவில் ஓராண்டு ஆடிவிட்டு, 1987இல், 30 வயதில் ஓய்வு பெற்றார். தேசியக் குழுவுக்கு ஆடியவை 48 ஆட்டங்கள், கோல்கள் 20.

பிற்காலத்தில் தொலைக்காட்சியில் ஆட்டங்களை விளக்கியும், தஸ்கனியில் பண்ணை விடுதி நடத்தியும் வாழ்ந்த ரோசி, 2020 டிசம்பர் 9ஆம் நாள் தம் 64ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். மரடோனா மறைந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. இறுதிச் சடங்கு பிறந்த ஊரான பிராத்தோவிலும் நடைபெறவில்லை. பட்டங்கள் வென்ற துரினிலும் நடைபெறவில்லை. வீச்சென்சாவின் பேராலயத்தில் நடைபெற்றது. 1982ஆம் ஆண்டுத் தோழர்கள் நரைத்த தலையோடு சவப்பெட்டியைச் சுமந்தனர். பெருந்தொற்றுக் காலம் ஆதலால் பெருங்கூட்டம் கூட இயலவில்லை. அச்சடங்கு நடந்துகொண்டிருந்த வேளையில் தஸ்கனியில் அவர் வீட்டுக்குள் திருடர்கள் புகுந்தனர்.

ஆண்டுதோறும் இத்தாலிய முதற்பிரிவில் மிகுதியாகக் கோல் அடிப்பவருக்கு வழங்கும் விருதுக்கு, 2020-21ஆம் பருவம் முதல் பாவ்லோ ரோசியின் பெயர் சூட்டப்பட்டது. அவர் தம் வாழ்நாளில் அந்தச் சிறப்பைப் பெற்றது ஒரே ஒருமுறைதான்: 1978இல், ‘ஆர்’ எழுத்துப் பொறித்த சட்டையில்.